“இருபது வருஷமா நிறையவே இல்லை”: கடலோர ஊர்க்காரர்களுக்குக் கழிவுநீர் பற்றி ஒரு முழு வழிகாட்டி

எங்கள் தெருவில் பலரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வது ஒன்று உண்டு: “நம்ம வீட்டு செப்டிக் டேங்க் இருபது வருஷமா நிறையவே இல்லை.” நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். ஒருநாள் மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் அது தொட்டியே இல்லை, ஐந்து சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அடியில் மணலை அப்படியே விட்ட குழி என்று தெரிந்தது. கொத்தனார் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, “அடியில தளம் போட்டா சீக்கிரம் நிறைஞ்சிரும்ணே” என்று அப்பாவிடம் சொன்னாராம், அப்பாவும் சரி என்று விட்டிருக்கிறார். ஆக, எங்கள் வீட்டுக் கழிவு இருபது வருஷமாக மணலுக்குள் இறங்கி, பின்வாசல் கிணற்றைத் தொட்டுக்கொண்டு, கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நிறைந்தால்தானே அதிசயம்!

பாதாளச் சாக்கடை இல்லாத, அல்லது பாதித் தெருவுக்கு மட்டும் வந்து நின்றுபோன கடற்கரை ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கரையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் மணல் தரை, கைக்கெட்டும் ஆழத்தில் நிலத்தடி நீர், ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் மழை, இந்த மூன்றும் சேர்ந்தால் பாடப்புத்தக முறை பாதி வேலை செய்யாது. கடலைக் கெடுப்பது ஊர்க்கோடியில் இல்லாத பெரிய சுத்திகரிப்பு நிலையம் மட்டுமல்ல, நம் காம்பவுண்டுக்குள் இருக்கும் குழியும்தான் என்பது என் கட்சி. அதனால் வீட்டிலிருந்து தொடங்கி கடலுக்குப் போகலாம்.

முதலில், கடலுக்கு என்ன ஆகிறது

சுருக்கமாகச் சொன்னால் மூன்று. ஒன்று, கிருமிகள்: குளிப்பவருக்கு வயிற்றுப்போக்கு, காதுவலி, தோல் அரிப்பு, சிப்பி, மட்டி போன்றவை நீரை வடிகட்டித் தின்பதால் கிருமியைத் தங்களுக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். இரண்டு, மட்கும் பொருள்: அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனை இழுத்துவிடும், கழிமுகத்தில் மீன் செத்து மிதப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை: நைட்ரஜன். வயலுக்குப் போடும் யூரியா பயிருக்கு என்ன செய்யுமோ அதையே நம் சிறுநீர் கடற்பாசிக்குச் செய்யும். பாசி மண்டினால் நீர் கலங்கும், வெயில் அடியில் இறங்காது, கடற்புல் சாகும். பாக் விரிகுடாவில் 2022-ல் அறிவிக்கப்பட்ட கடற்பசுக் காப்பகம் 448 சதுர கிலோமீட்டர். அந்தக் கடற்பசு தின்பது கடற்புல்லைத்தான்.

2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் கரை ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். ‘பூங்கோரை’ என்று மீனவர்கள் சொல்லும் நாக்டிலூக்கா என்ற நுண்ணிய கடல் உயிரி அது. அதற்குச் சாக்கடைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், காற்று, நீரோட்டம், வெப்பம் என்று பலதும் சேர வேண்டும். ஆனால் இப்படிப்பட்ட கடலில் கொண்டுபோய் மேலும் உரத்தைக் கொட்டுவது புத்திசாலித்தனம் இல்லை.

படி 1: மூடியைத் திறங்கள்

இதைச் செய்யாமல் மற்ற எதையும் செய்ய வேண்டாம். ஆனால் முதலில் எச்சரிக்கை: தொட்டிக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். மூடியைத் திறந்து அரைமணி நேரம் காற்றாட விடுங்கள், பீடி சிகரெட் கிட்டே வரக்கூடாது, குனிந்து முகத்தை உள்ளே நீட்டாதீர்கள், எக்காரணம் கொண்டும் யாரும் உள்ளே இறங்கக்கூடாது. விழுந்த செல்போனை எடுக்கக்கூட. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் அழுகிய முட்டை வாடையைக்கூட மூக்கு உணராது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார், தூக்கப் போனவரும் சாய்வார்.

டார்ச் அடித்துப் பாருங்கள். உண்மையான செப்டிக் டேங்க் என்றால் நடுவில் தடுப்புச் சுவர் இருக்கும், தண்ணீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ‘டி’ வடிவக் குழாய் இருக்கும், சுவர் பூசியிருக்கும். வட்டமாக உறை தெரிந்தால் அது குழி.

அடுத்து கம்புச் சோதனை. நீளமான சவுக்குக் கம்பு ஒன்றின் கீழ்ப்பகுதியில் பழைய வெள்ளை வேட்டித் துணியை இறுக்கிச் சுற்றி, மெதுவாக அடிவரை இறக்கி, ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். அடியில் கன்னங்கரேலென்று ஒட்டியிருக்கும் உயரம்தான் கசடு, அதற்கு மேல் சாம்பல் நிறமாக நனைந்திருப்பது நீர். கசடு மொத்த நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் கசடு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. (கம்பைக் கழுவும் தண்ணீரைத் திரும்பத் தொட்டிக்குள்ளேயே ஊற்றுங்கள். நான் முதல்முறை முற்றத்தில் கழுவி வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

மூன்றாவது சோதனை கடலோரத்துக்கென்றே ஆனது. வீட்டு ஆர்.ஓ. வைத்திருப்பவர்களிடம் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் (நீரில் கரைந்த உப்பை அளப்பது) இருக்கும், சில நூறு ரூபாய்தான். கயிறு கட்டிய டப்பாவில் தொட்டி நீரை மொண்டு அளந்து, வீட்டில் புழங்கும் தண்ணீரோடு ஒப்பிடுங்கள். நாம் புழங்குவதால் சில நூறு கூடும், அது இயல்பு. ஆனால் குழாய்த் தண்ணீர் 600 காட்டும் வீட்டில் தொட்டி 5,000 காட்டினால் உப்புநீர் உள்ளே வருகிறது. உப்புநீர் உள்ளே வருகிற ஓட்டை வழியே கழிவு வெளியே போகாமலா இருக்கும்? அளந்தபின் மீட்டரை நன்றாகக் கழுவி, குடிநீருக்கு வேறு மீட்டர் வைத்துக்கொள்வது உத்தமம்.

படி 2: உங்கள் மண்ணுக்கடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது

கிணறு இருந்தால் கயிற்றை விட்டு அளந்தால் போதும். ஆனால் சித்திரையில் அளந்து ஏமாறாதீர்கள், கார்த்திகையில், அதுவும் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும் நேரத்தில் அளக்க வேண்டும். நம் கரையில் ஓதம் பெரிதாக இல்லை, ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், இருந்தாலும் மழைநீரோடு சேர்ந்தால் கரையை ஒட்டிய வீடுகளில் வித்தியாசம் தெரியும்.

தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழியின் அடிமட்டத்துக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே 2 மீட்டர் காய்ந்த மண் வேண்டும் என்பது விதி. கழிவுநீர் அந்த ஈரமில்லாத மண்ணில் மெதுவாக இறங்கும்போதுதான் கிருமி சாகிறது. குடிநீர்க் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 18 மீட்டர் இருக்க வேண்டும். மூன்று சென்ட் மனையில் இதற்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். போக முடியாது, அதனால்தான் கடலோரத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு உறிஞ்சுகுழி சரிப்படாது.

படி 3: தொட்டியைத் தொட்டியாக ஆக்குங்கள்

ஐந்து பேர் குடும்பத்துக்கு, செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470 சொல்லும் அளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கசடு எடுப்பதாக வைத்துக்கொண்டு. நம் ஊரில் இதைவிடப் பெரிதாகத்தான் கட்டுவார்கள், தவறில்லை. ஆனால் பணத்தை அளவில் போடாமல் அடித்தளத்திலும் பூச்சிலும் போடுங்கள். கடல்நீரில் சல்பேட் அதிகம், அது சாதாரண சிமெண்டை மெல்ல அரிக்கும், அதனால் சல்பேட் தாங்கும் சிமெண்டோ இரும்பு உலைக் கசடு (ஸ்லாக்) கலந்த சிமெண்டோ கேட்டு வாங்குங்கள். உள்ளே மூடிக்கு அடியிலும் பூச வேண்டும். நீரில் மூழ்கியிருக்கும் பகுதியைவிட வாயு தட்டும் மேற்பகுதிதான் முதலில் உதிரும், கம்பி துருத்திக்கொண்டு நிற்கும்.

ரெடிமேட் பிளாஸ்டிக் தொட்டி வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம். நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும் மாதத்தில் அதைக் காலி செய்தால் படகு மாதிரி மேலே கிளம்பி வரும். சும்மா சொல்லவில்லை, எங்கள் சொந்தக்காரர் வீட்டில் கார்த்திகையில் லாரி வந்து உறிஞ்சிவிட்டுப் போன மறுநாள் காலையில் தொட்டி சிமெண்டுத் தரையைப் பிளந்துகொண்டு ஒரு சாண் மேலே நின்றது, குழாயெல்லாம் முறிந்துவிட்டது. அடியில் கான்கிரீட் பலகை போட்டு அதோடு பட்டை கொண்டு கட்ட வேண்டும். எந்த வகைத் தொட்டியாக இருந்தாலும் கசடு எடுப்பதைப் பங்குனி முதல் ஆடி வரைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய உறைக்குழியை என்ன செய்வது? கசட்டை எடுத்துவிட்டு, சுண்ணாம்பு தூவி, மணல் நிரப்பி மூடுங்கள். ‘இருக்கட்டுமே, வழிந்தால் உதவும்’ என்று விட்டுவைத்தால் எப்படியும் புதுத் தொட்டியின் குழாயை யாராவது அதில்தான் இணைப்பார்கள்.

படி 4: தொட்டிக்குப் பிறகு

செப்டிக் டேங்க் சுத்திகரிப்பதில்லை, பெரும்பாலும் படியவைக்கிறது. வெளியே வரும் நீரில் மட்கும் பொருள் பாதியளவுதான் குறைந்திருக்கும், கிருமி ஏறக்குறைய அப்படியே இருக்கும், நைட்ரஜன் முழுசாக இருக்கும். உறிஞ்சுகுழியும் கூடாது என்றால் அந்த நீரைச் செடிப்படுகைக்கு விடுவதுதான் எனக்குத் தெரிந்த உருப்படியான வழி.

60 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம், அல்லது நிலத்தடி நீர் மேலேயே நின்றால் தரைக்கு மேல் செங்கல் கட்டிய தொட்டி. உள்ளே தடித்த தார்ப்பாயோ பூச்சோ. நீர் நுழையும் முனையிலும் வெளியேறும் முனையிலும் பெரிய ஜல்லி, நடுவில் சிறு ஜல்லி. நாணல், சம்பு, கல்வாழை நடலாம், உப்புத் தண்ணீர் புழங்கும் வீட்டில் கல்வாழை சுணங்கும், நாணல் தாங்கும். நீர் எப்போதும் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு நான்கு விரல் கீழே ஓடும்படி வெளியேறும் குழாயை வையுங்கள், இல்லாவிட்டால் கொசுப்பண்ணை. நம் வெயிலுக்கு ஆளுக்குச் சுமார் 3 சதுர மீட்டர் கணக்கு. ஐந்து பேருக்கு 15 சதுர மீட்டர், அதாவது ஒரு சின்ன அறை. இடமில்லாதவர்கள் நான்கைந்து வீடு சேர்ந்து ஒரு பொதுப் படுகை போடலாம். கட்டுவது சுலபம், யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் சண்டை வரும், முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

தொட்டி கட்டவே முடியாத தாழ்வான இடங்களில் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் உலர் கழிப்பறை ஒரு வழி. 2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டக் கரையோரத்தில் இப்படிச் சில கட்டினார்கள். பழக்கம் மாற வேண்டும், அதுதான் சிரமம்.

படி 5: அடுப்படித் தண்ணீர்

எண்ணெய் உறைந்து குழாயை அடைக்கும், செடிப்படுகையின் ஜல்லியையும் அடைக்கும். தொட்டிக்குப் போகுமுன் ஒரு சிறு எண்ணெய்ப் பிடிப்பான், வாரம் ஒருமுறை கரண்டியால் வழித்துக் குப்பையில் போட வேண்டும். மீன் கழுவிய செதிளும் குடலும் குழாயில் போகக்கூடாது, தென்னைக்கடியில் புதையுங்கள். ஆசிட், பிளீச்சிங் பவுடரைக் கக்கூஸில் தாராளமாகக் கொட்டினால் தொட்டியில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் சாகும். அப்புறம் ‘பாக்டீரியா பவுடர்’ என்று கடையில் விற்பதை வாங்கிப் போடுவோம். அதற்கு அவசியமே இல்லை, நம் வயிற்றிலிருந்தே வேண்டிய மட்டும் போகிறது.

படி 6: லாரி எங்கே போகிறது

இந்த ஒரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை. தொட்டியில் சேர்ந்த கசடு சாதாரணச் சாக்கடையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் செறிவானது. வருஷக்கணக்காகப் பொத்தி வைத்ததை ஒரே நடையில் உப்பாற்றிலோ உடைமரக்காட்டிலோ திறந்துவிட்டால், நாம் தொட்டி கட்டியதற்கே அர்த்தமில்லை.

லாரிக்கு உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்குவீர்கள் என்று ஓட்டுநரிடம் நேராகக் கேளுங்கள், இறக்கியதற்கான சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் கசடுக்கென்றே தனி நிலையங்கள் வந்துவிட்டன, முதலில் வந்த ஒன்று செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில். 14420 என்ற எண்ணில் அழைத்தும் லாரி கேட்கலாம். முன்னூறு ரூபாய் குறைத்துக் கேட்கும் ஆள் தூரத்தைத்தான் குறைக்கிறார்.

ஆள் இறங்கிச் சுத்தம் செய்வதாகச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படி இறக்குபவருக்கு முதல் குற்றத்துக்கே இரண்டு வருஷம்வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே. வேலைக்கு வைத்த வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தை விடுங்கள், நம் தொட்டிக்குள் ஒருவர் செத்தால் அந்த வீட்டில் எப்படிக் குடியிருப்பது?

படி 7: ஊரின் சுத்திகரிப்பு நிலையம்

கணக்கு எளிது. 40,000 பேர், ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும்: ஒரு நாளுக்கு 43 லட்சம் லிட்டர். கோயில், கடற்கரை என்று கூட்டம் வரும் ஊரென்றால் ஆடி அமாவாசை, தை அமாவாசை நாளின் கணக்கையும் தனியாகப் போட வேண்டும், அன்றைக்குத்தான் நிலையம் திணறும்.

திட்டம் பற்றிய கூட்டம் நடந்தால் எந்தத் தொழில்நுட்பம் என்பதை நிறையப் பேசுவார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு. நீரேற்று நிலையத்துக்கு மின்சாரம் போனால் என்ன ஆகும்? ஜெனரேட்டர் இருக்கிறதா, டீசலுக்கு யார் பணம் தருவார்கள்? ஏனென்றால் நீரேற்று நிலையம் ஊரின் தாழ்ந்த இடத்தில்தான் இருக்கும், கடலோரத்தில் தாழ்ந்த இடம் என்றால் கரைதான், வழிந்தால் நேரே கடல். அடுத்தது, குழாய் இணைப்புகள் வழியே உப்புநீர் புகுகிறதா? மழைக்காலத்தில் உப்பு திடீரென ஏறினால் நிலையத்தின் நுண்ணுயிர்கள் தடுமாறும், கசடு படியாமல் நீரோடு மிதந்து வெளியே போகும். மூன்றாவது, கடைசியில் கிருமிநீக்கம் எப்படி? குளோரினை அள்ளிப்போட்டு அப்படியே கடலில் விட்டால் மீன்குஞ்சுகளுக்கு அதுவே விஷம். புற ஊதா விளக்கு நல்லது, ஆனால் நீர் தெளிவாக இருந்தால்தான் ஒளி ஊடுருவும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, சுத்திகரித்த நீரை ஏன் கடலில் விட வேண்டும்? சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தினம் 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை ஆர்.ஓ. வரைக்கும் சுத்தப்படுத்தித் தொழிற்சாலைகளுக்கு விற்கும் நிலையங்கள் 2019 முதல் ஓடுகின்றன. சிறு ஊருக்கு அவ்வளவு வேண்டாம். தென்னந்தோப்புக்கும் சவுக்குத் தோப்புக்கும் விட்டால் நைட்ரஜன் மரத்துக்குப் போகும், கடலுக்குப் போகாது.

படி 8: மழைநீர் வடிகாலைச் சித்திரையில் நடந்து பாருங்கள்

இந்தச் சோதனைக்குக் காலணாச் செலவில்லை. மழை பெய்து இரண்டு மாதம் ஆன பிறகு, காலை ஏழு மணிக்கு, கடலில் விழும் ஒவ்வொரு வடிகால் வாயிலிருந்தும் ஊருக்குள் எதிர்த்திசையில் நடங்கள். மழையில்லாத காலத்தில் மழைநீர் வடிகாலில் ஓடுவது மழைநீர் அல்ல. எந்த இடத்தில் ஓட்டம் நின்று தரை காய்ந்திருக்கிறதோ, அதற்குக் கடல் பக்கமாக எங்கோ ஒரு குழாய் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். விடுதி, மண்டபம், மீன் ஏலக்கூடம், ஐஸ் கம்பெனி, சில நேரம் நம் மச்சான் வீடு. போட்டோ எடுத்து, செல்போன் வரைபடத்தில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 9: கடல்நீரைச் சோதித்தல்

என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திடம் ‘கடல்நீர்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களே தருவார்கள். இடுப்பளவு நீருக்குப் போய், அலை வரும் பக்கம் பார்த்து நின்று, மட்டத்துக்கு ஒரு அடி கீழே மூடியைத் திறந்து மொண்டு அங்கேயே மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். வெயில் ஏறினால் மேல்நீரில் கிருமி சாகும், அதனால் மத்தியானம் எடுத்த மாதிரி ஊரை நல்ல ஊராகக் காட்டும், விடிகாலையில் எடுங்கள். குடிநீருக்குப் பயன்படுத்தும், கறுத்துப்போகும் அந்தச் சின்னக் குப்பிச் சோதனையைக் கடல்நீரில் நம்ப வேண்டாம். கடலில் சல்பேட் நிறைய, மலக்கிருமி இல்லாமலேயே அது கறுக்கலாம்.

குளிக்கும் கடலுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்: 100 மில்லி நீரில் மலக் கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வரும் கிருமி) அதிகபட்சம் 100, பி.ஓ.டி. (மட்கும் பொருளைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு அதிகபட்சம் 3 மில்லிகிராம், கரைந்த ஆக்சிஜன் குறைந்தது 4 மில்லிகிராம். சென்னை அருகே கோவளம் கடற்கரைக்கு 2021-ல் கிடைத்த நீலக்கொடி என்ற சர்வதேசக் கடற்கரைச் சான்று ஈ.கோலை, என்டிரோகாக்கை என்ற இரண்டு குடல் கிருமிகளையும் பார்க்கும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் என்டிரோகாக்கையைத் தேர்ந்தெடுங்கள், உப்புநீரில் அது அதிக நேரம் தாங்கும், அதனால் உண்மையைச் சொல்லும்.

படி 10: மனு

“கடல் நாறுகிறது, நடவடிக்கை எடுக்கவும்” என்று எழுதினால் “நடவடிக்கை எடுக்கப்படும்” என்று பதில் வரும். வடிகால் வரைபடம், போட்டோ, ஆய்வக அறிக்கை மூன்றையும் இணைத்து, ஒரு மனுவில் ஒரே ஒரு குழாயை மட்டும் குறிப்பிட்டு, நகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். சுத்திகரிக்காத கழிவைக் கரையோர மண்டலத்தில் விடுவதை 2019-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை தடை செய்திருக்கிறது, அந்த வரியை மேற்கோள் காட்டுங்கள். பெரிய விடுதி என்றால் அதற்கு வாரியம் கொடுத்த இசைவாணையின் நகலைப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். எவ்வளவு கழிவு, எங்கே விடலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஆனால் மனு எழுதுமுன் உங்கள் வீட்டு மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். எங்கள் முதல் மனுவுக்கு விசாரிக்க வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டது, “உங்க வீட்டு டேங்க் அடியில தளம் இருக்குங்களா சார்?” என்றுதான். நல்லவேளை, அதற்கு முந்தின மாதம்தான் போட்டிருந்தோம்.